நெஞ்சளவு உயரத்தில் ஒரு கல்

சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்தில் நிற்கும் எதையும் சும்மா பிடுங்கி எறிந்துவிட முடியாது. அது என்ன, யாருடையது என்று முதலில் விசாரிக்க வேண்டும். பிறகு அளந்து, மகசர் என்கிற நேரடிப் பார்வைக் குறிப்பை எழுதி, ஊர்க்காரர் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். உரிமை கோருகிறவருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவகாசம் விட்டு, அதற்குப் பிறகுதான் கடப்பாரையைத் தொடலாம். அகற்றிய பொருளைப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்து, கேட்டு வருகிறவரிடம் ஒப்புகை வாங்கிக்கொண்டு திருப்பித் தர வேண்டும்.

துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த நடைமுறையை வரிசை பிசகாமல் சொல்வேன். எழுப்பாமலேயே சொல்லியிருக்கிறேன் என்கிறாள் என் மனைவி சரோஜா.

நான் இந்த வாரம் எழுதப்போகும் கல்லுக்கு மேற்படி வரிசையில் ஒன்றுகூட நடக்கவில்லை. கடப்பாரை மட்டும் நடந்தது.

"இந்தா, இம்புட்டு நீளம்"

மார்கழிப் பனி இன்னும் விலகாத ஒரு காலை. கம்பத்தில் எங்கள் வீட்டு முன் தோட்டத்துக் கல் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வெளிக்கதவைத் திறந்துகொண்டு ஒரு வயதான அம்மாள் உள்ளே வந்தார். எலும்பும் நரம்புமாக இருந்தார். கையில் மஞ்சள் பை. திராட்சைத் தோட்ட வேலை பார்த்துப் பார்த்து விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"மனு எழுதித் தர்ற ஐயா நீகதானா?"

ஓய்வுக்குப் பிறகு எனக்கு வந்த பதவி அது. சம்பளம் கிடையாது. ஆனால் கூட்டம் உண்டு.

பெயர் பேச்சியம்மா, ஊர் சுருளிப்பட்டி என்றார். பக்கத்தில் உட்காரச் சொன்னேன். "ஐயா பக்கத்துல நானா?" என்று சிரித்துவிட்டு, குரோட்டன்ஸ் செடி ஓரமாகத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"என்னம்மா காணாமப் போச்சு?"

"கல்லுய்யா."

"என்ன கல்லு?"

"சொமதாங்கி. எம் மக பேருல நட்டது."

நகரத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால், அவள் பெயரில் நடைபாதை ஓரமாகச் சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு கற்கால்கள், அவற்றின் மேல் படுக்கையாக ஒரு நீளக் கல். நெஞ்சளவு உயரம் இருக்கும். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர் யார் துணையும் இல்லாமல் அதன்மேல் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம், மறுபடி தானே தூக்கிக்கொண்டும் போகலாம். சுமையோடு போனவள் அதை இறக்க இடமில்லாமல் அலைவாள், வழிப்போக்கர் ஒவ்வொருவரும் பாரத்தை இறக்கும்போது அவளுடையதும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை.

பேச்சியம்மாவின் மகள் ஈஸ்வரிக்கு எட்டாம் மாதத்தில் ஜன்னி வந்திருக்கிறது. வண்டி கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் கல் நட யாரும் முன்வரவில்லை. தாயே கூலி வேலை பார்த்து நட்டார். பல வருடம் ஆகிறது.

"அமாவாசைக்கு அமாவாசை வெளக்குப் போடுவேன்யா. முன்னால வெறகுக்காரிக, புல்லுக்கட்டுக்காரிக எல்லாம் எறக்கி வச்சிட்டுப் போவாக. இப்ப யாரு சொமக்குறா? அம்புட்டும் வண்டிலதான் போகுது. அதான் நானே எதையாச்சும் சொமந்துட்டுப் போயி வைப்பேன்."

"எதை?"

"அன்னைக்கி என்ன இருக்கோ அது. வெறகு, திராச்சக் கூடை. ஒண்ணுமில்லன்னா ஒரு கொடம் தண்ணி. வெறுங்கையோட போயி என்னத்த எறக்க?"

அப்படிக் குடத்தோடு போன ஓர் அமாவாசையில்தான் கல் நின்ற இடத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்திருக்கிறது. சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் பெயர்த்துவிட்டார்கள். எங்கே போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"எறக்காமத் திரும்பக் கொண்டாந்தேன்யா அந்தக் கொடத்தை. அன்னைக்கி முச்சூடும் கழுத்து கடுத்துச்சு. எனக்கே இப்பிடின்னா அவளுக்கு எப்பிடி இருக்கும்?"

 பதில் இல்லாத இடத்தில் அலுவலர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

"கல்லு எவ்வளவு நீளம் இருக்கும்?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு என்னைக் காட்டினார்.

"ஐயா உக்காந்திருக்கீகள்ல, இந்தா, இம்புட்டு நீளம். அச்சா இம்புட்டுத்தேன்."

"உத்தேசமா எழுதுனா தள்ளிருவாகம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டேப்பை எடுத்து வந்தேன். மெத்தையை விலக்காமலே பெஞ்சின் நீளத்தை அளந்து மனுவில் எழுதினேன். அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒரு முறை கரும்பு லாரி பின்பக்கமாக வந்து இடித்ததில், ஓர் ஓரத்தில் மாங்கொட்டை அளவுக்குச் சில்லு போயிருக்கும் என்றார். அதையும் எழுதினேன்.

அளவு, அடையாளம், இடம், நாள், எதுவும் விடுபடவில்லை. அப்படியொரு மனுவை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

விலைக்கு வாங்கிய பட்டிக்காடு

அந்தப் பெஞ்சு எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

என் மகன் பெங்களூரில் கணினி வேலை பார்க்கிறான். வீட்டிலிருந்தே பார்த்தால் போதும் என்று கம்பெனி சொன்ன காலத்தில் மனைவி நித்யாவோடு கம்பத்துக்கு வந்து சேர்ந்தான். நித்யா சென்னைப் பெண். நல்ல பெண். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இனி எழுதப்போவதைப் படித்தால் அப்படித் தோன்றாமல் போகலாம்.

வந்த சில வாரங்களில் அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, வெளியில இவ்வளவு அழகா மலை, தோட்டம் எல்லாம் இருக்கு. வீடு மட்டும் தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கு."

உண்மைதான். வீடு கட்டும்போது என் மனதில் இருந்த ஒரே மாதிரி அதுதான்.

ரஸ்டிக் பாணியில் மாற்றலாம் என்றாள். கிராமத்து வீடு மாதிரி, செங்கல் தெரிகிற சுவர், பழைய மரச் சாமான்கள். முன்னறைச் சுவரின் பூச்சை உடைத்துப் பார்த்தால் உள்ளே செங்கல் இல்லை, சிமெண்ட் பிளாக். பின்வாங்கவில்லை. சிமெண்ட் பிளாக்கின் மேல் செங்கல் போலத் தெரியும் ஓடுகளை ஒட்டினார்கள். முன்புறச் சுற்றுச்சுவருக்கும் அதே உபசாரம் நடந்தது.

சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்று சங்கிலியில் தொங்கி, அதன் ஆரங்களில் பல்புகள் எரிந்தன. அதன் கீழே உட்கார்ந்து நிம்மதியாகச் சோறு இறங்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன. பழைய திராட்சைப் பெட்டிகள் புத்தக அலமாரியாயின, பூச்சிமருந்து நெடி மட்டும் போகவில்லை. அரிக்கேன் விளக்குக்குள் மின்விளக்கு எரிந்தது. சுவரில் வரிசையாக வெள்ளையடித்த சுளகுகள், அவற்றின் கீழே ஒரு நுகத்தடி.

சரோஜா அந்தச் சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இதுல என்னத்தம்மா பொடைக்கிறது?"

"பொடைக்க இல்ல அத்தை, சும்மா அழகுக்கு."

"அந்த நுகத்தடி?"

"அதுல சட்டை, துண்டெல்லாம் மாட்டலாம் அத்தை."

"எங்கப்பா அதுல ரெண்டு மாட்டையில்ல மாட்டுனாரு."

நித்யா சிரித்தாள். சரோஜாவும் சிரித்தாள். என்னிடம் தனியாக வந்தபோது சிரிக்கவில்லை. "சாணி வேணாம், சுளகு வேணாம், தலையில கொடம் வேணாம்னுதான ஆபீஸ்காரருக்குக் கழுத்தை நீட்டுனேன். கடைசியில என்னையக் கொண்டாந்து எங்கன விட்டிருக்கீகன்னு பாருங்க."

தோட்டத்துக்குக் கல் சாமான் வேண்டும் என்று நித்யா காரில் கூட்டிப்போன கடை, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. கதவு, தூண், உரல், அம்மி எல்லாம் வெயிலில் அடுக்கிக் கிடந்தன. மூலையில் ஒரு நீளக் கல்லும் இரண்டு கற்கால்களும் சாய்ந்திருந்தன.

"ஒரே செட்டு மேடம். எந்த ஜமீன் வீட்டுதோ" என்றார் கடைக்காரர்.

கல்லின் மேல்பக்கம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. நித்யா அதைத் தடவிப் பார்த்தாள். "இந்தக் கறைதான் மாமா அழகு. இது புதுசுல வராது."

நீளக் கல்லைச் சுவரோரம் தாழ்வான செங்கல் திட்டுகளின் மேல் வைத்து, மாம்பழ நிற மெத்தை கட்டினாள். ஒரு கால் தோட்டப் பாதையில் படியாகப் படுத்தது. இன்னொன்றை வெளிக்கதவருகே நட்டு, வெள்ளையடித்து, கதவு எண் எழுதி, தபால் பெட்டியை அதில் மாட்டினாள். பெஞ்சைப் படமெடுத்துப் போட்டதற்குப் பாராட்டுகள் குவிந்தன. எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்டிருந்தார்கள்.

நான் பல வருடம் கிராமம் கிராமமாகக் கல் எண்ணித் திரிந்தவன். எல்லைக் கல், நத்தம் கல், மைல் கல் எல்லாம் தெரியும். இரண்டு காலும் ஒரு குறுக்குக் கல்லும் சேர்த்தால் என்ன வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மெத்தை அவ்வளவு நன்றாக இருந்தது.

இதர பொருள்

மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் பேச்சியம்மாவே நேரில் கொடுத்தார். ஒப்புகைச் சீட்டு வந்தது. அதோடு சரி.

எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். நான் ஓய்வூதியம் வாங்குகிறவன். முதல் அலுவலகம் இரண்டாவதற்கு அனுப்பியது. இரண்டாவது, ஒப்பந்தக்காரரைக் கேட்க வேண்டும் என்றது. ஒப்பந்தக்காரர், ஊர்க்காரர்கள் காட்டிய கற்களைத்தான் எடுத்தோம் என்றாராம். ஊர்க்காரர்கள், எங்களை யார் கேட்டார்கள் என்றார்கள்.

அலுவலகப் பட்டியல்களில் கடைசியாக 'இதர பொருள்' என்று ஒரு வரி இருக்கும். பெயர் தெரியாதவை, பெயர் தெரிந்தும் எழுதச் சோம்பல்பட்டு விட்டவை, எல்லாம் அங்கே போய் விழும். உடைந்த நாற்காலியும் அங்கே இருக்கும், ஊர்த் தெய்வத்தின் சூலமும் அங்கே இருக்கும். ஈஸ்வரியின் கல் அந்த வரிக்குக்கூடப் போய்ச் சேரவில்லை என்பது விசாரித்ததில் தெரிந்தது.

நினைவூட்டு மனுக்கள் எழுதினேன். பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று முந்தைய மனுக்களைக் குறிப்பிட்டு, அதே நீளம், அதே சில்லு. பேச்சியம்மாவுக்குக் கடிதம் போய்ச் சேருமோ சேராதோ என்று பதில் விலாசமாக என் வீட்டைக் கொடுத்திருந்தேன். ஒவ்வோர் அமாவாசை முடிந்ததும் அவர் பஸ் ஏறி வருவார். அதே செடியோரம், அதே தரை.

"பதில் வந்துச்சாய்யா?"

"வந்தா அந்தப் பெட்டியிலதாம்மா விழும்."

நான் கை காட்டுவேன். அவர் எட்டிப் பார்ப்பார். பெட்டியைத் தாங்கிக்கொண்டு வெள்ளையடித்த கால் நின்றது.

பேனா விழுந்த இடம்

புது நினைவூட்டலை எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலை, பேனா கையிலிருந்து நழுவிப் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவினேன். பேனா அகப்படவில்லை. கல்லின் பின்பக்க விளிம்பில் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது.

மாங்கொட்டை அளவு.

மடியில் இருந்த தாளில் அந்த நேரத்தில் நான் எழுதி முடித்திருந்த வரியும் அதுதான்.

கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து மெத்தையை அவிழ்த்தேன். எண்ணெய்க் கறை. தோட்டப் பாதையில் போய்ப் படியைப் பார்த்தேன். வெளிக்கதவருகே போய்த் தபால் பெட்டியைப் பார்த்தேன். பதில் வந்து விழ வேண்டிய பெட்டியைக் காணாமல்போன கல்லின் காலிலேயே மாட்டி வைத்துவிட்டுத்தான் காத்திருந்திருக்கிறோம்.

சரோஜாவிடம் சொன்னேன். கையிலிருந்த காப்பித் தம்ளரை அவள் கீழே வைக்க இடம் தேடியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "புள்ளத்தாச்சி கல்லு மேலயா இம்புட்டு நாளும் உக்காந்து ஊர்க்கதை பேசுனோம்?" என்றாள். நித்யா அழுதாள். படங்களை எல்லாம் அழித்தாள். கடைக்காரருக்குப் போன் போட்டால், "லாரிக்காரன் கொட்டிட்டுப் போனான் மேடம், கல்லுக்கு என்ன ஆதார் கார்டா இருக்கு?" என்றார்.

மகன்தான் நடைமுறைக்கு ஏற்ற யோசனை சொன்னான். "அப்பா, விடியறதுக்குள்ள ஒரு டெம்போல ஏத்திப் பழைய எடத்துல போட்டுட்டு வந்துரலாம். அவுகளுக்குக் கல்லு கெடச்ச மாதிரியும் ஆச்சு, நம்ம பேரு வெளிய வராத மாதிரியும் ஆச்சு."

நல்ல யோசனை. நடைமுறை தெரிந்தவனுக்கு இந்த மாதிரி வழிகள் இன்னும் நன்றாகத் தெரியும். கோப்பே இல்லாமல் முடிந்துபோகும்.

மறுநாள் காலை சுருளிப்பட்டி பஸ் ஏறினேன்.

வெறுங்கை

பேச்சியம்மா திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து நின்று சருகு கழித்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.  கத்தரியை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு என்னோடு வந்து பஸ் ஏறினார். வழி முழுக்க இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

தோட்டத்தில் மெத்தை இல்லாமல் கிடந்தது கல். குனிந்து, சுவரோரம் கையை விட்டு, சில்லைத் தொட்டார். தொட்டபடியே கேட்டார்.

"இதுல உக்காந்தா எழுதுனீக?"

"ஆமாம்மா."

"அளந்தீகளே. அதுவும் இதைத்தேனா?"

"ஆமா."

சரோஜா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"வெறுங்கையா வந்துட்டேனே" என்றார்.

அவ்வளவுதான். கிளம்பிவிட்டார்.

பழைய இடத்திலேயே என் செலவில் நட்டுத் தருகிறேன் என்று ஆள் சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை. நேரில் போனேன். பழைய இடத்தையும் போய்ப் பார்த்தேன். கல் நின்ற இடத்துக்கு மேல் தார் ஓடியது. ஒதுங்கி நிற்க ஓரமில்லை. பைக்கும் மினி லாரியுமாகப் பறந்துகொண்டிருந்தன.

"யோசிச்சுச் சொல்றேன்யா. இவுக எல்லாம் பறக்குறாக. இங்கன நட்டா யாரு நின்னு எறக்குவா?"

அந்த யோசனை வாரக்கணக்கில் நீண்டது. வீட்டில் யாரும் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. நான் காப்பியைச் சமையலறையில் நின்றே குடித்தேன். நித்யா ஒருநாள் சக்கரத்தைக் கழற்றச் சொன்னாள். சுளகுகள் போயின. ஆணி அடித்த ஓட்டைகளோடு சுவர் நின்றது. பட்டிக்காடும் இல்லாமல் தாலுகா ஆபீசும் இல்லாமல் ஒரு வீடு. மழைக்காலம் வேறு. கல் நனைந்துகொண்டு கிடந்தது. ராத்திரி மழை வலுத்தால் சரோஜா எழுந்து ஜன்னலைச் சாத்தப்போய், சாத்தாமல் நின்றுகொண்டிருப்பாள்.

சுவரை உள்ளே தள்ளியது

ஒரு விடியற்காலை பால் வாங்க வெளியே போனபோது சாலைக்கு எதிர்ப்பக்கம் பேச்சியம்மா நின்றுகொண்டிருந்தார். சில நாட்களாகவே முதல் பஸ்ஸில் வந்து அங்கே நிற்கிறார் என்று பால்காரர் சொன்னார்.

எங்கள் வீட்டு வாசலில்தான் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் நிற்கும். கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறிக் கேரளத்துத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இருட்டிலேயே வந்து கூடுவார்கள். தூக்குச்சட்டி, வயர் கூடை, மழைக்கு மடித்த பிளாஸ்டிக் தாள், சாயங்காலம் திரும்பும்போது விறகுக் கட்டு. அவர்கள் போடும் சத்தத்துக்காக நான் ஒரு காலத்தில் ஜீப்புக்காரரிடம் விதி பேசியவன்.

பேச்சியம்மா சாலையைக் கடந்து வந்தார்.

"பாத்தீகளாய்யா. அம்புட்டுப் பேரும் சோத்தை மண்ணுல வச்சிட்டு நிக்கிறாக."

"ஆமாம்மா."

"இங்கனதேன் வைக்கணும். வாசலுக்கு வெளிய. ஒசரம் பழைய ஒசரம்."

அவருடைய பதில் வந்துவிட்டது. ஆனால் வாசலுக்கு வெளியே என்பது புறம்போக்கு. அங்கே நட்டால் நாளைக்கு இன்னோர் அகலப்படுத்தல் வரும், இன்னொரு கடப்பாரை வரும், அப்போதும் மகசர் வராது. என் பணிக்கால அறிவு முழுவதும் ஒரே ஒரு முறை உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான். நில அளவை வரைபடத்தை எடுத்து என் எல்லையைப் பார்த்தேன். கொத்தனாரை வரவழைத்து முன்புறச் சுற்றுச்சுவரை இடித்து, ஓர் ஆள் தாராளமாக நிற்கும் அளவுக்கு உள்ளே தள்ளிக் கட்டச் சொன்னேன். வெளியே விட்ட இடம் என் பட்டா. அதில் கைவைக்க வேண்டுமானால் எனக்கு அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும்.

"எல்லாரும் வெளிய தள்ளித்தான் சார் கட்டச் சொல்வாக" என்று கொத்தனார் தலையைச் சொறிந்தார். செங்கல் ஓடுகள் உதிர்ந்து உள்ளே இருந்த சிமெண்ட் பிளாக் தெரிந்தது. "இதென்ன சார், தோலு ஒண்ணு, சதை ஒண்ணா இருக்கு?"

தபால் பெட்டியைக் கழற்றினோம். நித்யா காலின் வெள்ளையைக் கம்பித் தூரிகையால் தானே தேய்த்து எடுத்தாள். இரண்டு காலும் நின்று, மேலே கல் ஏறியது.

முதல் நாள் விடியலில் ஜீப்புக்கு வந்த பெண்கள் அதைச் சுற்றி நின்றார்கள்.

"ஏண்டி, இதென்ன மேசை போட்டிருக்காக?"

"வாயக் கழுவுடி. சொமதாங்கிடி இது. கும்புட்டு வையி."

"யாரு பேருலயாம்?"

"எம் மக, ஈஸ்வரி" என்றார் பேச்சியம்மா, பின்னாலிருந்து.

 ஒருத்தி கூடையை வைத்தாள். தூக்குச்சட்டிகள் வரிசையாக ஏறின. ஜீப் வந்து அவை எல்லாம் இறங்கிப் போன பிறகு, பேச்சியம்மா பஸ் நிறுத்தத்திலிருந்து சுமந்து வந்திருந்த குடத்தை வைத்தார். பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். குளிர்காற்றில் சும்மா நின்றார்.

பெறப்பட்ட நாள்

சில அமாவாசைகள் குடத்தோடு வந்தார். பிறகு பந்தலுக்குள் சேற்றில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விலகியது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மகன் வந்து கூட்டிப்போய்விட்டார். மாடியில் ஒற்றை அறை. இறங்கி ஏற முடியாது. அமாவாசையன்று மகன் போன் போட்டுக் கொடுப்பார். பேச்சியம்மா கேட்பது ஒரே கேள்விதான்.

"அங்கன யாரும் வச்சாகளாய்யா?"

அவர் போன பிறகு வந்த முதல் அமாவாசையில், கொல்லையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். சரோஜா குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தலையில் எதையும் நான் பார்த்ததில்லை. சும்மாடு சுற்றி, குடத்தை ஏற்றி, வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்க் கல்லில் இறக்கினாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் விட்டுவிடுவாளோ என்று பயம்.

அதிலிருந்து ஒவ்வோர் அமாவாசையும் அது நடக்கிறது. மூட்டு வலியோடு, முணுமுணுப்போடு.

அப்படி ஓர் அமாவாசைக் காலையில் தபால்காரர் வந்தார். பெட்டி இல்லாததால் வாசலில் நின்று கூப்பிட்டார். தோளில் தொங்கிய பையை இறக்கிக் கல்லின் மேல், சரோஜாவின் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே துழாவினார்.

"பேச்சியம்மான்னு யாரு சார்? உங்க விலாசம் போட்டிருக்கு."

கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அரசு உறை. மனுதாரர் குறிப்பிடும் இடத்தில் புலத்தணிக்கை செய்ததில், அத்தகைய கல் எதுவும் அங்கு காணப்படவில்லை என்றும், எனவே மேல் நடவடிக்கை தேவையில்லை என மனு முடிக்கப்படுகிறது என்றும் இருந்தது.

குற்றம் சொல்ல முடியாத பதில். அங்கே கல் இல்லை. முதல் மனுவில் நாங்களும் அதைத்தான் சொல்லியிருந்தோம்.

தபால்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பையை மாட்டிக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் திருப்பூரிலிருந்து போன் வந்தது.

"இன்னைக்கி யாரும் வச்சாகளாய்யா?"

"வச்சாகம்மா. ஜீப்புக்காரிக வச்சாக. சரோஜா கொடம் வச்சா. இப்பத்தான் தபால்காரர் பையை வச்சிட்டுப் போறாரு."

"தபாலா? பதில் வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"என்னன்னு போட்டிருக்காக?"

உறையைப் பார்த்தேன்.

"முடிஞ்சிருச்சுன்னு போட்டிருக்காகம்மா."

 "சரிய்யா" என்றார்.

மனு நகல்களைச் சேர்த்து வைத்திருந்த கோப்பை எடுத்து, பதில் பெறப்பட்ட நாள் என்ற இடத்தில் எழுதினேன்: தை அமாவாசை.